பூச்சியின் முதுகுக்கு ஆர்எச்டி2216: வாங்கலாமா?

கைக்கடிகாரத்தில் போடும் சில்வர் ஆக்சைடு பட்டன் செல் இரண்டை அடுக்கினால் 3.1 வோல்ட் வரும். நரம்பு, தசைகளின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இன்டான் டெக்னாலஜீஸின் ஆர்எச்டி2216 சிப்புக்குக் குறைந்தது 3.2 வோல்ட் வேண்டும். பறக்கும் பூச்சியின் முதுகில் இந்தச் சிப்பை ஏற்ற நினைப்பவர்களில் பாதிப் பேர் முதல் நாளிலேயே முட்டிக்கொள்வது இந்த 0.1 வோல்ட்டில்தான். சிப்பின் உள்ளே நடக்கும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீதி எல்லாம், அதாவது பேட்டரி, ரேடியோ, பசை, செம்பு எல்லாம், வாங்குபவர் பொறுப்பு. பூச்சி பறக்குமா, தரையில் சுற்றிவந்து உட்காருமா என்பதை முடிவுசெய்வதும் அந்த மீதிதான்.

பொருள் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 16 இரட்டை உள்ளீட்டுப் பெருக்கிகள், அவற்றின் வெளியீட்டை எண்ணாக மாற்றும் 16 பிட் மாற்றி, வெளியுலகத்தோடு பேச எஸ்பிஐ இணைப்பு, எல்லாம் ஒரே சிலிக்கான் துண்டில். பெருக்கம் 192 மடங்கு. உள்ளீட்டு இரைச்சல் 2.4 மைக்ரோவோல்ட். மாற்றி தரும் எண்ணில் ஒன்று கூடினால் 0.195 மைக்ரோவோல்ட் என்று பொருள். உள்ளீட்டு எல்லை கூட்டல் கழித்தல் 5 மில்லிவோல்ட். பூச்சியின் நரம்பு வடத்துக்கு வெளியே வைத்த மின்முனையில் கிடைக்கும் துடிப்புகள் சில பத்து முதல் சில நூறு மைக்ரோவோல்ட் என்பதால், இந்த இரைச்சல் அளவு தாராளமாகப் போதும்.

இந்த நிறுவனத்தைத் தொடங்கிய ரீட் ஹாரிசன் யூட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பூச்சிக்கென்றே சிப் வடிவமைத்தவரும் அவர்தான். 2011-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட இரண்டு கருவிகளில் ஒன்று 0.79 கிராம், வெட்டுக்கிளிக்கு. மற்றொன்று 0.17 கிராம், ஒரே ஒரு 1.5 வோல்ட் பேட்டரியில் ஐந்து மணி நேரம் ஓடும், தட்டானுக்கு. அடுத்த ஆண்டு ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் தாமஸ், மேத்யூ ரெனால்ட்ஸ் ஆகியோரோடும் ஜனேலியா ஆய்வு மையத்தின் ஆண்டனி லியோனார்டோவோடும் சேர்ந்து பேட்டரியே இல்லாத ஒன்றைச் செய்தார்கள். மொத்தம் 38 மில்லிகிராம். 10 நரம்புத் தடம் (சேனல்), 4 தசைத் தடம். 4 வாட் ரேடியோ அலையை வாங்கி அதிலேயே உயிர்வாழ்ந்து, அதையே திருப்பி அசைத்து நொடிக்கு 5 மெகாபிட் அனுப்பும்.

அவை ஆய்வுக்கென்று செய்த தனிச் சிப்புகள். ஆர்எச்டி2216 காசு கொடுத்தால் யாருக்கும் வரும். எலி, குரங்கு, மனிதத் தசை என எல்லோருக்கும் பொதுவாகச் செய்த சிப் இது. பூச்சி முதுகில் வைக்கும்போது தெரியும் குறைகள் பெரும்பாலும் இந்தப் பொதுத்தன்மையால் வருபவை.

கடைப்பட்டியலில் பக்கத்திலேயே 32 தடம் உள்ள ஆர்எச்டி2132 இருக்கும். தடம் அதிகம் என்று அதை வாங்கிவிடக் கூடாது. அதில் 32 மின்முனைகளுக்கும் சேர்த்து ஒரே ஒப்பீட்டு உள்ளீடு. 2216-இல் ஒவ்வொரு பெருக்கிக்கும் கூட்டல், கழித்தல் என்று சொந்தமாக ஒரு ஜோடி. பூச்சியின் மார்புக்குள் இந்த வித்தியாசம் பெரிது. மார்பில் இடத்தை அடைத்திருப்பது பறக்கும் தசை. அது இயங்கும்போது எழும் மின்னலை மில்லிவோல்ட் கணக்கில் வரும், அதற்கு ஒரு மி.மீ. தள்ளி நரம்பு வடம் 100 மைக்ரோவோல்ட்டில் முணுமுணுக்கும். ஒப்பீட்டு வயர் வயிற்றில், மின்முனை மார்பில் என்று வைத்தால் பதிவாவது முழுக்கத் தசைதான். மாண்டூகா செக்ஸ்டா அந்துப்பூச்சி நொடிக்கு 25 தடவை சிறகடிக்கும். அந்த ஒவ்வொரு அடியிலும் நரம்புத் துடிப்பு தசை அலைக்கு அடியில் புதைந்துபோகும். இரண்டு மெல்லிய வயரையும் ஒட்டினாற்போல வடத்தருகே வைத்து 2216-இன் ஒரே ஜோடியில் கொடுத்தால், இரண்டுக்கும் பொதுவாக வரும் தசை அலையின் பெரும்பகுதி கழிந்துவிடும். முழுவதும் கழியாது. வயர் நுனிகளின் மின்தடை ஒத்துப்போகும் அளவுக்குத்தான் கழிவும் சுத்தமாக இருக்கும். சிப்பிலேயே மின்முனைத் தடையை அளக்கும் வசதி இருக்கிறது. 1 கிலோஹெர்ட்ஸில் அளந்து, ஜோடியின் இரு நுனியும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும்படி வெட்டிக்கொள்ளலாம்.

இரட்டை உள்ளீடு இருக்கிறதே, கிரவுண்ட் வயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். பூச்சியின் உடலும் சிப்பும் ஒரே மின்மட்டத்தில் இல்லையென்றால் உள்ளீடு மிதந்துபோய் ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு வெள்ளி வயர், வயிற்றின் முதல் கணுவில், உடல்நீரைத் தொடும்படி இருந்தால் போதும்.

இனி எடை. பேக்கேஜில் வரும் 2216 என்பது 8 மி.மீ.க்கு 8 மி.மீ., 56 இணைப்புக் கால். அதன் கன அளவை வைத்துப் பார்த்தாலே 100 மில்லிகிராமைத் தாண்டும். பேக்கேஜ் இல்லாத வெறும் சிலிக்கானாகவும் விற்கிறார்கள். பூச்சிக்கு அதுதான். சிலிக்கானின் அடர்த்தி கன மி.மீ.க்கு 2.33 மில்லிகிராம். 4 மி.மீ. சதுரமும் கால் மி.மீ. தடிமனும் உள்ள துண்டு 10 மில்லிகிராமைக்கூடத் தொடாது. அதோடு வயர் பாண்டிங், அதாவது சிலிக்கானைப் பலகையோடு மெல்லிய வயரால் இணைக்கும் வேலை, அதன் செலவும் வந்து சேரும். பலகையின் முகப்பு பாண்டிங்குக்கு ஏற்ற தங்கப் பூச்சாக இருக்க வேண்டும். சாதாரண சால்டர் பூச்சில் வயர் ஒட்டாது. வளையும் பலகையில் பாண்டிங் செய்யும்போது அடியில் தாங்கு தகடு வைக்காவிட்டால் ஊசியின் அதிர்வைப் பலகையே விழுங்கிவிடும். வயர் ஒட்டியதுபோல் இருந்து பிறகு பிரியும்.

பலகையில் செம்பு செய்யும் சதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வளையும் பலகைக்கு அடிப்படையான 50 மைக்ரான் பாலிஇமைடு படலம் ஒரு சதுர மி.மீ.க்கு 0.07 மில்லிகிராம். அதன் இரு பக்கமும் 12 மைக்ரான் செம்பை முழுதாக விட்டால் செம்பு மட்டும் 0.21. படலத்தைவிட மூன்று மடங்கு. 10 மி.மீ.க்கு 8 மி.மீ. பலகையில் அது 17 மில்லிகிராம், அதாவது சிப்பைவிட அதிகம். கிரவுண்ட் தளத்தை முழுத் தகடாக விடாமல் வலைபோல் போட்டால் இதில் பாதிக்கு மேல் மிச்சம். இதே அளவில் 0.8 மி.மீ. சாதாரணப் பச்சைப் பலகை 100 மில்லிகிராமைத் தாண்டும் என்பதால் அந்தப் பேச்சே வேண்டாம்.

வெறும் சிலிக்கானுக்கு வெளிச்சம் ஆகாது. பாண்டிங் முடிந்தபின் மேலே சொட்டும் எப்பாக்ஸி கறுப்பாக இருக்க வேண்டும். தெளிந்த எப்பாக்ஸி போட்டால், அதிவேகக் கேமராவுக்காக வைத்த விளக்கு மின்னும் ஒவ்வொரு முறையும் பதிவில் ஒரு மேடு தெரியும். அதை நரம்புத் துடிப்பு என்று நம்பி நாட்கணக்கில் அலச வாய்ப்பிருக்கிறது. விளக்கை அணைத்துப் பார்ப்பதுதான் சோதனை.

பேட்டரிக்கு வருவோம். இரண்டு பட்டன் செல் போதாது, மூன்று கனம். மின்னழுத்தம் ஏற்றும் சுற்று வைத்தால் அதன் சுருளும் ஸ்விட்சிங் இரைச்சலும் கூடவே வரும். மிச்சம் இருப்பது சிறிய லித்தியம் பாலிமர். 10 மில்லியாம்ப்-மணி அளவுள்ளது சுமார் 0.3 முதல் 0.4 கிராம். மொத்தச் சுமையில் பெரும்பங்கு இதுதான். அதிலிருந்து, மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் வழியாகச் சிப்புக்கு. பேட்டரி 3.4 வோல்ட் அருகே இறங்கியதும் ரெகுலேட்டர் கைவிட்டுவிடும். அடியில் தங்கும் மின்சாரம் வீண். ரேடியோவும் மைக்ரோகன்ட்ரோலரும் சேர்த்துச் சராசரி 8 மில்லியாம்ப் என்று வைத்தால் கணக்குப்படி ஒன்றேகால் மணி நேரம், கையில் கிடைப்பது அதற்கும் குறைவு. பூச்சி ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் பறக்கப்போவதில்லை என்பதால் இது பெரிய குறையல்ல. ஆனால் ரெகுலேட்டரை அந்துப்பூச்சி தூங்கும்போதும் ஓடவிட்டு வைத்திருந்தால், அது விழிக்கும் நேரத்தில் பேட்டரி தூங்கியிருக்கும். காந்தத்தால் அணைக்கும் சிறு ஸ்விட்ச் ஒன்று இல்லாமல் பலகை போடக் கூடாது.

ரேடியோதான் இந்தச் சிப்பின் 16 தடத்தையும் கேலி செய்யும் இடம். 16 தடம், நொடிக்கு 20 ஆயிரம் மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட் என்றால் நொடிக்கு 5.12 மெகாபிட். கையில் எளிதாகக் கிடைக்கும் நார்டிக் நிறுவனத்தின் ரேடியோ சிப்பான என்ஆர்எஃப்52832, 3 மி.மீ.க்கு 3.2 மி.மீ. வடிவில், காற்றில் அனுப்பும் உச்ச வேகமே நொடிக்கு 2 மெகாபிட். ஆகவே 16 தடத்துக்குப் பணம் கொடுத்து 4 தடம் பயன்படுத்துகிறோம் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். 4 தடம், 15 ஆயிரம் மாதிரி: நொடிக்கு 0.96 மெகாபிட். இது போகும்.

இதிலும் பேக்கெட்டின், அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின், அளவைப் பார்த்து வைக்க வேண்டும். வழக்கமான 32 பைட் பேக்கெட்டின் சரக்கை அனுப்ப 128 மைக்ரோசெகண்ட், ரேடியோ தயாராக மட்டும் 130. இப்படிப் போனால் தேவையான வேகமே வராது. 30 மாதிரித் தொகுப்பைச் சேர்த்து 240 பைட், அதோடு 4 பைட் வரிசை எண், மொத்தம் 244 பைட்டாக ஒரே பேக்கெட்டில் அடைத்தால் சுமார் 1.14 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். 2 மில்லிசெகண்டுக்கு ஒரு பேக்கெட். ரசீது கேட்காமல் ஒருவழியாக அனுப்புவது நல்லது. தொலைந்த பேக்கெட் 2 மில்லிசெகண்ட் ஓட்டையாக மட்டும் தெரியும், வரிசை எண் அதைக் காட்டிக்கொடுக்கும். அந்த எண்ணை விட்டுவிட்டால் ஓட்டை தெரியாமல் தரவு ஒட்டிக்கொண்டு, வீடியோவோடு நேரம் மெல்ல மெல்ல விலகும்.

அந்த 2 மில்லிசெகண்டில் இன்னொரு பொறி. நொடிக்கு 500 பேக்கெட் என்றால் பேட்டரியிலிருந்து நொடிக்கு 500 முறை மின்சாரம் உறிஞ்சப்படுகிறது. சின்னப் பேட்டரியின் உள்தடை அதிகம், அழுத்தம் அதே தாளத்தில் குழியும். 500 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் நரம்புத் துடிப்பின் அலைவரிசைக்குள் நேராக வந்து விழுகின்றன. ரேடியோவுக்குப் பேட்டரியிலிருந்து தனிப் பாதை, 2216-க்குத் தனி ரெகுலேட்டர், அதன் காலடியிலேயே மின்தேக்கி என்று பிரித்தால் அடங்கும். அடங்கியதா என்று பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டாம். சிப்பிலேயே 48-ஆம் தடம் தன் சொந்த மின்னழுத்தத்தை அளக்கிறது, ஒரு எண்ணுக்கு 74.8 மைக்ரோவோல்ட். அதைத் தொடர்ந்து படித்துப் பார்த்தால் பேக்கெட்டின் தாளம் ஏறுகிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். இந்த ஒரு வசதிக்காகவே இந்தச் சிப்பைப் பாராட்டலாம்.

அலைவரிசை பற்றி இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன 38 மில்லிகிராம் கருவி ஓடுவது 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸில், அமெரிக்காவில் உரிமம் வேண்டாத இடம். இங்கே அந்த இடத்தின் ஒரு பகுதியில் செல்போன் ஓடுகிறது. இந்தியாவில் ஆர்எஃப்ஐடிக்கு (ரேடியோ அடையாள வில்லைகளுக்கு) விட்ட 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு தடத்தின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ்தான், அதில் 5 மெகாபிட்டைத் திணிக்க முடியாது. ஆக, அமெரிக்க வடிவமைப்பை அப்படியே நகலெடுக்காமல் 2.4 கிகாஹெர்ட்ஸில் நிற்பதே சரி. அதிலும் 2,476 மெகாஹெர்ட்ஸ் வசதியான மூலை. வைஃபையின் 11-ஆம் தடம் 2,473-இல் முடிகிறது, 2,480-இல் புளூடூத் கருவிகள் தம் இருப்பை அறிவிக்கும் சிக்னல் ஓடுகிறது. ஆண்டெனாவுக்கு 31 மி.மீ. நீளமான 0.1 மி.மீ. செம்பு வயர், 2 மில்லிகிராம். அதைப் பின்னோக்கி, வயிற்றின் மேல் சற்றுத் தூக்கிவிட வேண்டும். உடம்பில் படிந்தால் தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். பக்கவாட்டில் நீட்டினால் சிறகு அடித்துத் துவைத்துவிடும்.

மென்பொருள் பக்கம் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். ஒவ்வொரு 16 பிட் கட்டளைக்குப் பிறகும் சிப் தேர்வுக் காலின் (சிப்பைக் கேட்கச் சொல்லும் இணைப்பின்) மின்மட்டம் மேலே போய் இறங்க வேண்டும். என்ஆர்எஃப்52832-இன் நேரடி நினைவகப் பரிமாற்றத்தில் நீளமாக ஒரு தொகுதியைக் கொடுத்தால் அது முழுவதும் அந்தக் கால் கீழேயே கிடக்கும். ஆர்எச்டி ஒரு கட்டளையை மட்டும் கேட்டுவிட்டு மீதியைக் காதில் வாங்காது. பரிமாற்ற நீளத்தை 2 பைட்டாக வைத்து, டைமரால் ஒவ்வொரு 13.3 மைக்ரோசெகண்டுக்கும் ஒரு பரிமாற்றத்தைத் தூண்டி, அதே டைமரால் அந்தக் காலையும் ஏற்றி இறக்கினால் வேலை முடிந்தது. 4 நரம்புத் தடமும் ஒரு உபரித் தடமும் 15 ஆயிரம் மாதிரியில் கேட்பது அந்த வேகம். 8 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐயில் ஒரு கட்டளைக்கு 2 மைக்ரோசெகண்ட் என்பதால் மூச்சு விட நேரம் இருக்கிறது.

பதில் எப்போதும் இரண்டு கட்டளை தாமதமாக வரும். மறந்தால் 1-ஆம் தடத்தின் தரவு 3-ஆம் தடத்தின் பெயரில் சேரும், படம் அழகாகவே இருக்கும், தவறு தெரியாது. அதற்கொரு நல்ல சோதனையைச் சிப்பிலேயே வைத்திருக்கிறார்கள். 40 முதல் 44 வரை உள்ள ரெஜிஸ்டர்களை (சிப்பின் உள்ளே இருக்கும் சிறு நினைவிடங்களை) படித்தால் 73, 78, 84, 65, 78 என்று நிறுவனத்தின் பெயரின் ஐந்து எழுத்துகள் வரும். ரெஜிஸ்டர் 63-இல் 2 வந்தால் அது 2216. எண்கள் இரண்டு இடம் தள்ளி வந்தால் தாமதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாம் பூஜ்யம் என்றால் பாண்டிங்கில் கோளாறு.

மின்சாரம் கொடுத்ததும் ரெஜிஸ்டர்களில் என்ன இருக்கும் என்று நம்ப முடியாது, எல்லாவற்றையும் எழுத வேண்டும். ரெஜிஸ்டர் 0-இல் 222. மேல் எல்லை 5 கிலோஹெர்ட்ஸுக்கு 8 முதல் 11 வரை 33, 0, 37, 0. கீழ் எல்லை 300 ஹெர்ட்ஸுக்கு 12-இல் 15, 13-இல் 0. 9, 11, 13 ஆகியவற்றின் உச்சப் பிட் உபரி உள்ளீடுகளை இயக்குவது. முடுக்கமானியை அவற்றில் இணைத்திருந்தால் அந்தப் பிட்டையும் சேர்த்து எழுத வேண்டும். தேவையில்லாத பெருக்கிகளை 14, 15-இல் அணைத்தால் மின்சாரம் மிச்சம். 4 தடத்துக்கு 14-இல் 15, 15-இல் 0. பிறகு 100 மைக்ரோசெகண்டாவது பொறுத்து அளவுதிருத்தக் கட்டளை, அதன்பின் ஒன்பது வெற்றுக் கட்டளை. எல்விடிஎஸ் என்ற இரட்டை வயர் சிக்னல் முறையைத் தேர்வு செய்யும் காலைத் தாழ்த்திக் கட்டாமல் விட்டால் மின்சாரம் வீணாகும், பதிலும் வராது.

உண்மையான குறை ஒன்று: அலைவரிசை எல்லை எல்லாத் தடத்துக்கும் ஒன்றேதான். இரண்டு தடத்தில் நரம்பு, இரண்டில் தசை என்று பதிவு செய்பவர், தசைக்காகக் கீழ் எல்லையை 20 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால், நரம்புத் தடத்திலும் சிறகின் 25 ஹெர்ட்ஸ் அசைவு நுழைந்து 5 மில்லிவோல்ட் எல்லையைத் தின்றுவிடும். 100 ஹெர்ட்ஸில் சமரசம் செய்துகொண்டு, தசைத் தடத்தில் அலையின் வடிவத்தை மறந்து துடிப்பு நேரத்தை மட்டும் எடுப்பதே வழி. மாண்டூகாவில் ஒவ்வொரு சிறகடிப்புக்கும் சிறகைக் கீழே இறக்கும் தசை அநேகமாக ஒருமுறைதான் துடிக்கும் என்பதால் நேரமே பெரும்பாலும் போதும். தசைக்குள் வயரை ஆழமாகச் செருகினால் அலை 5 மில்லிவோல்ட்டைத் தாண்டி உச்சி தட்டையாகும். அரை மி.மீ. வெளியே இழுத்தால் சரியாகும். பெருக்கி ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு வெகுநேரம் திரும்பாவிட்டால் ரெஜிஸ்டர் 0-இல் 254 எழுதி, சில மாதிரி கழித்து மறுபடி 222.

ஒட்டும் இடம் மார்பின் மேல்பக்கம், சிறகு மூட்டுகளுக்கு நடுவில். பேட்டரியைப் பின்னால் தள்ளினால் பூச்சி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி விழும். அந்துப்பூச்சியின் மார்பில் செதில் மெத்தை இருக்கிறது. அதைச் சுரண்டாமல் பசை போட்டால் கருவி செதிலோடு கழன்று வரும். குளிரில் மயக்கி, செதிலைத் துடைத்து, வெறும் தோல் தெரிந்தபின் ஒரு துளி சயனோஅக்ரிலேட் உடனடிப் பசை. துளை போட்ட இடத்தில் வழியும் உடல்நீர் காய்வதற்குள் மெழுகும் ரோசினும் கலந்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உறைந்து மின்முனையைச் சுற்றி மேலோடு கட்டும், தடை ஏறும்.

யாருக்கு ஏற்றது? மேலே சொன்னபடி செய்தால் முழுக் கருவி அரை கிராமுக்குள் அடங்கும். 2 கிராம் தாண்டும் மாண்டூகாவும் பெண் வெட்டுக்கிளியும் சுமக்கும், மெசினோரைனா போன்ற பெரிய ஆப்பிரிக்க வண்டு யோசிக்காமல் சுமக்கும். அரை கிராமும் தேறாத தட்டானுக்கும் பத்தில் ஒரு பங்கு கிராம் தேனீக்கும் இந்தச் சிப்பைச் சுற்றி எப்படிக் கட்டினாலும் பேட்டரியே கெடுத்துவிடும்.

வாங்கும் வரிசையில் ஒரு யோசனை. வெறும் சிலிக்கானை முதலில் வாங்க வேண்டாம். இதே 2216 பொருத்திய இரட்டை உள்ளீட்டுத் தலைமேடையும் (மின்முனைக்கு அருகில் வைக்கும் சிறு பலகை) அதற்கான யுஎஸ்பி பலகையும் தனியாகக் கிடைக்கின்றன. பூச்சியைக் குச்சியில் கட்டிவைத்துச் சிறகடிக்கவிட்டு, வயரோடு பதிவு செய்து, மின்முனை ஜோடிகளும் அலைவரிசை எல்லையும் சரிப்பட்டபின் சிலிக்கானுக்கு ஆர்டர் போடலாம். அதிலும் வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. பாண்டிங்கில் சில போகும், மீதியில் சிலவற்றை வெட்டுக்கிளி பின்னங்காலால் உதைத்தே உடைத்துவிடும்.